பிறநாட்டில் கல்வியியலும் உளவியலும் கற்றல்: தெல்லிப்பழையை முன்வைத்து ஒரு நோக்கு

பொறியியல் கற்பதற்குப் பிறநாடு செல்லும் மாணவன் ஒரு பாலம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் எனக் கணிக்கும் முறையைக் கற்று மீள்கிறான். அம்முறை காங்கேசன்துறையிலும் கிளாஸ்கோவிலும் ஒன்றேயாகும். கல்வியியலையும் உளவியலையும் கற்கச் செல்பவரின் நிலை இத்தகையதன்று. அவர் கற்கும் பொருள் மனிதமனம். அது ஒரு மொழியில் வளர்ந்து, ஒரு குடும்ப அமைப்பில் உருப்பெற்று, ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகளாற் காயப்பட்டு நிற்பது. ஒரு சமூகத்தின் குழந்தைகளை ஆராய்ந்து பெறப்பட்ட முடிவுகளை அவர் வேறொரு சமூகத்தின் குழந்தைகளிடம் கொண்டுவரவேண்டியவராகிறார். அக்கொண்டுவரலில் எது தங்கும், எது சிதறும் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். இதனைப் பொதுப்பட ஆராய்வதிலும் ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வது பயனுடையது எனக் கருதி, தெல்லிப்பழையை எடுத்துக்கொள்கிறோம்.

1. தெல்லிப்பழையும் கடல் கடந்த கல்வியும்

தெல்லிப்பழையைப் பொறுத்தவரையில், மாணவர் பிறநாடு செல்வதற்கு முன்னரே பிறநாட்டுக் கல்வி மாணவரைத் தேடி வந்துவிட்டது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் 1816இல் இங்குத் தமது பணியைத் தொடங்கினார். அன்று தொடங்கிய மிசன் பள்ளியின் தொடர்ச்சியாகவே இன்றைய யூனியன் கல்லூரி தன்னைக் கருதுகின்றது. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி நிறுவப்பட்டதும் தெல்லிப்பழையிற் பயின்றோர் உயர்கல்விக்காக அங்குச் சென்றனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இவ்வழியே சென்றவருள் ஒருவர். தெல்லிப்பழை மிசன் பள்ளியிலும் வட்டுக்கோட்டையிலும் கற்ற அவர், 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. அவரும் யாழ்ப்பாணத்தவரே. இன்று ‘சர்வதேச மாணவர்’ என நாம் அழைக்கும் வகையினருக்கு எமது மண்ணிற் கிடைக்கும் முன்னோடிகள் இவர்கள் எனலாம்.

மிசன் கல்விக்கு எதிர்வினையாகவும் அதேவேளை அதன் முறைகளை உள்வாங்கியும் சுதேசக் கல்வி முயற்சிகள் எழுந்தன. ஆறுமுக நாவலர் மேனாட்டுப் படிமுறைப் பாடநூல் அமைப்பைத் தமது பாலபாடங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டமை இதற்குத் தக்க சான்று. தெல்லிப்பழையில் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனக் கல்லூரியைத் தோற்றுவித்தமையும் இவ்வரலாற்றின் ஒரு கட்டமே. பிறரிடமிருந்து பெற்ற முறையைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்ளும் ஆற்றல் எமது கல்வி மரபிற்குப் புதியதன்று.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை பலவாறு மாறிற்று. 1921இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பட்டங்களுக்கு மாணவரைத் தயாரித்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும், 1983இன் வன்செயல்களும், பின்வந்த போரும் வெளிநாடு செல்லுதலின் பொருளையே மாற்றின. முன்னர் மீள்வதற்காகச் சென்றனர். பின்னர் தப்புவதற்காகவும் சென்றனர். 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது தெல்லிப்பழையின் கல்லூரிகளும் இடம்பெயர்ந்தன. ஊரே ஊருக்கு வெளியே வாழ்ந்தது. அத்தகைய ஓர் ஊரிலிருந்து உளவியல் கற்கச் செல்லும் மாணவி, தான் கற்கப்போகும் இயலின் ஒரு பெரும் பகுதியை முன்னரே வாழ்ந்து பார்த்தவளாகிறாள்.

2. முன் சென்றோர் கற்றுத்தந்தவை

காலனித்துவ நாடுகளிலிருந்து உளவியல் கற்கச் சென்றோரின் அனுபவங்கள் எமக்குப் பாடமாகத்தக்கவை. நரேந்திரநாத் சென்குப்தா அமெரிக்காவின் ஹார்வார்டிற் பயின்று மீண்டு, 1916இற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதலாவது உளவியற்றுறைக்குப் பொறுப்பேற்றார். எம். வி. கோபாலசுவாமி இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்று, 1924இல் மைசூரில் உளவியற்றுறையைத் தொடங்கினார். இவர்கள் சென்று மீண்டோர். மாறாக, கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவிலிருந்தவாறே பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டு, 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டின் கருத்துகள் சில வங்காள நோயாளரிடத்தே அவ்வாறே பொருந்தவில்லை என்பதை அவர் பிராய்டுக்கே எழுதத் தயங்கவில்லை. சென்றவர்கள் துறைகளை நிறுவினர். செல்லாதவர் ஓர் ஐயத்தை நிறுவினார். இரண்டும் வேண்டப்படுவனவே.

எனினும் எமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு பிரான்ஸ் ஃபனனின் வாழ்வாகும். மார்ட்டினிக் தீவிற் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் உளமருத்துவம் கற்ற அவர், 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா உளமருத்துவமனையிற் பணியேற்றார். பிரான்சிற் கற்ற சமூகச் சிகிச்சை முறைகளை அங்குக் கையாண்டார். கூட்டங்கள், விழாக்கள், கைவேலைகள், நோயாளரே நடத்தும் செய்தித்தாள் ஆகியன அம்முறையின் கூறுகள். ஐரோப்பியப் பெண்களின் விடுதியில் அவை நன்கு பயனளித்தன. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்களின் விடுதியில் அவை முற்றாகத் தோல்வியுற்றன. தோல்விக்கு நோயாளரைக் குறைகூறுவது எளிது. காலனித்துவ உளமருத்துவம் அதனையே செய்துவந்தது. ஃபனனும் அவரது சகாவும் தம் முறையையே குறைகண்டனர். அம்மக்களின் வாழ்வை அறியாது ஒரு வாழ்க்கைமுறையை அவர்கள்மேற் சுமத்தினோம் என 1954இல் வெளிப்படையாக எழுதினர். பின்னர் மூர் மரபிலான காப்பிக்கடை ஒன்றை விடுதியில் அமைத்தனர், சமய விழாக்களைக் கொண்டாடினர், கதைசொல்வோரை அழைத்தனர். விடுதி உயிர்பெற்றது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறப்படும் பாடம் ‘மேனாட்டு முறை தவறு, எமது முறையே சரி’ என்பதன்று. குழுவாக வாழ்வதன் வழியே மனம் தேறும் என்னும் அடிப்படைக் கொள்கை இரு விடுதிகளிலும் உண்மையாகவே இருந்தது. எதனைச் சுற்றிக் குழு கூடும் என்பதே வேறுபட்டது. கொள்கையையும் அதன் உடையையும் பிரித்தறியும் திறனே பிறநாட்டுக் கல்வியின் முதற்பயனாக அமைதல் வேண்டும்.

3. அளவுகோல்களின் பிரச்சினை

கல்வியுளவியல் கற்கும் மாணவர் எதிர்கொள்ளும் முதலாவது கருவி நுண்மதிச் சோதனையாகும். பாரிசில் அல்பிரட் பினே தமது சகாவான சிமோனுடன் 1905இல் இதனை உருவாக்கியபோது, வகுப்பறையிற் சிறப்புதவி வேண்டப்படும் பிள்ளைகளை இனங்காண்பதே நோக்கமாயிருந்தது. அட்லாண்டிக்கைக் கடந்ததும் கருவியின் நோக்கம் மாறிற்று. ஹென்றி கொடார்ட் என்பவர் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவரது உதவியாளர்கள் 1913இல் நியூயோர்க்கின் எலிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகள் சிலரைத் தெரிவுசெய்து அதனாற் சோதித்தனர். நீண்ட கடற்பயணத்தாற் களைத்து, மொழி தெரியாது, அஞ்சி நின்ற அம்மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் மனவளர்ச்சி குன்றியோர் என்னும் முடிவு பெறப்பட்டது. கொடார்ட் பிற்காலத்தில் தம் கருத்துகள் பலவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார். ஆயினும் அத்தகைய எண்ணிக்கைகள் அதற்கிடையே குடியேற்றத்திற்கு எதிரானோரின் கையில் ஆயுதமாகிவிட்டன.

1931, 1932ஆம் ஆண்டுகளில் லூரியா மத்திய ஆசியாவின் உஸ்பெக்கிஸ்தானில் நடத்திய ஆய்வு இவ்விடயத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. வடதுருவத்தையடுத்த பனிப்பிரதேசத்தில் எல்லாக் கரடிகளும் வெண்ணிறமானவை, இன்ன இடம் அப்பிரதேசத்திலுள்ளது, அங்குள்ள கரடிகள் என்ன நிறம் என வினவியபோது, பள்ளி செல்லாத உழவர்கள் விடை கூற மறுத்தனர். தாம் அங்குச் சென்றதில்லை எனவும் கண்டதையே பேசுவோம் எனவும் கூறினர். இதனை அறிவுக் குறைபாடாகக் கொள்வோர் உளர். பொய்ச்சாட்சி சொல்ல மறுக்கும் நேர்மையாகவும் இதனைக் கொள்ளலாம். சிறிது காலம் பள்ளியிற் பயின்றோர் உடனே விடை கூறினர் என்பதே இங்குக் கருதத்தக்கது. சோதனை அளந்தது மூளையை அன்று, பள்ளிக்கூடத்தை.

இனி எமது சூழலை நோக்குவோம். இடம்பெயர்ந்து மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் நலன்புரி நிலையங்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பமொன்றின் பிள்ளை வகுப்பிற் கவனமின்றி இருக்கின்றது எனக் கொள்வோம். பிறநாட்டிற் கற்று மீண்ட ஆலோசகர் தம் கையிலுள்ள வினாக்கொத்தினாற் பிள்ளையின் ‘கவனக் குறைபாட்டை’ அளந்து ஓர் எண்ணைப் பெறலாம். அப்பிள்ளை படிக்க விளக்கும் மேசையும் இல்லாத ஒற்றை அறையில் எத்தனை பேர் உறங்கினர், தந்தையின் தோட்டக்காணி முட்கம்பிக்கு அப்பால் எத்தனை ஆண்டுகள் கிடந்தது என்பனவற்றை அவ்வெண் சொல்லாது. காணியிழப்பினால் வந்ததைக் கவனமிழப்பாகப் பெயரிட்டுப் பிள்ளையின் தலைக்குள் வைப்பது விஞ்ஞானமாகாது. சாதியாலும் வறுமையாலும் பின்தள்ளப்பட்டோரின் பிள்ளைகள் விடயத்தில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை. சமூகத்தின் குற்றத்தைத் தனிமனிதனின் குறையாக மாற்றிக் காட்டும் வசதி உளவியலுக்கு எப்போதும் உண்டு.

அளவுகோல்களை முற்றாக எறிந்துவிடுதல் இதற்கு விடையாகாது. அளக்காதுவிடின் உதவி தேவையான பிள்ளை வகுப்பின் கடைசி வாங்கிலேயே மறக்கப்பட்டுவிடும். பினேயின் தொடக்க நோக்கத்திற்கு மீள்வதே தக்கது. உள்ளூர்ப் பிள்ளைகளைக்கொண்டு சோதனைகளை நியமப்படுத்தி, பெறும் எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாது வினாவாகக் கொள்ளல் வேண்டும். இப்பணியைச் செய்வதற்குரிய புள்ளிவிபரப் பயிற்சி பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் சிறப்பாகக் கிடைக்கின்றது என்பதும் மறுக்கத்தக்கதன்று.

4. சொல்லும் துயரும்

ஆங்கிலத்தில் உளவியல் கற்ற மாணவி ஊர் மீண்டு ஒரு தாயின்முன் அமரும்போது சொற்கள் அவளைக் கைவிடுகின்றன. அத்தாய் ‘மனச்சோர்வு’ எனக் கூறுவதில்லை. நெஞ்சு பாரமாயிருக்கிறது, தலை விறைக்கிறது, உடம்பு உளைகிறது, யோசினை கூடிப்போச்சு என்கிறாள். துயரை உடலாற் கூறும் இவ்வழக்கைக் கல்வியறிவின்மையின் அடையாளமாகப் பாடநூல்கள் ஒரு காலத்திற் கருதின. ஆதர் கிளைன்மன் சீனாவில் நடத்தி 1980களில் வெளியிட்ட ஆய்வுகளின் பின் அந்நோக்கு மாறிற்று. ஒவ்வொரு சமூகமும் தன் துயரைச் சொல்வதற்குத் தனக்கெனச் சில வாய்பாடுகளை வைத்திருக்கின்றது என்பது இன்று பரவலாக ஏற்கப்படுகின்றது.

கலைச்சொல்லாக்கத்திலும் இப்பிரச்சினை தோன்றுகின்றது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாற் குறிக்கப்படும் ஆலோசனைப் பணிக்கு ஈழத்துத் தமிழில் சீர்மியம், உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. இவை வெறும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. சீர்மியம் என்பது சீர்கெட்டதைச் சீராக்குதலை உணர்த்தும். உளவளத்துணை என்பது வளம் ஏற்கெனவே உள்ளத்தில் உண்டு, துணையே வேண்டப்படுகிறது எனக் கூறும். ஆற்றுப்படுத்தல் என்பதோ பழந்தமிழ் ஆற்றுப்படை மரபை நினைவூட்டும். வழியை முன்னரே நடந்து பயன்பெற்றவன் எதிர்ப்பட்டவனுக்கு அவ்வழியைக் காட்டுதலே ஆற்றுப்படை. தாமே இழப்புகளைச் சந்தித்த ஆசிரியரும் தொண்டரும் பிறருக்குத் துணைநின்ற எமது போர்க்காலச் சூழலில் இச்சொல் எவ்வளவு பொருத்தமானது என்பது விளக்கவேண்டியதில்லை. சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தபோது சொற்களையும் ஆக்கவேண்டியிருந்தது. உளவியல் கற்போர்க்கும் அக்கடமை உண்டு.

கருத்துகளின் பெயர்ச்சிக்குப் பிறிதோர் எடுத்துக்காட்டுத் தருவோம். உறவினர் இறந்தாரா இருக்கிறாரா எனத் தெரியாத நிலையை அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ எனப் பெயரிட்டு விளக்கினார். போர்களிற் காணாமற்போன படையினரின் குடும்பங்களிடையே 1970களில் அவர் மேற்கொண்ட ஆய்விலிருந்து இக்கருத்து வளர்ந்தது. காணாமலாக்கப்பட்டோரின் எமது தாய்மாரின் நிலையை விளக்க இதனிலும் பொருத்தமான கருத்தைக் காண்பது அரிது. ஆனால் அத்தாய்க்கு எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆண்டுத்திவசம் என்னும் படிகள் எதுவும் இல்லை. கணவன் வாழ்கிறான் எனக் கொண்டு பொட்டிடுவதா, இல்லையெனக் கொண்டு அழிப்பதா என்பது அவளது அன்றாட வினா. தெல்லிப்பழையையடுத்த கீரிமலையில் ஆடி அமாவாசையன்று தந்தையர்க்குக் கடன் கழிக்கும் கூட்டத்தில் அவளது மகன் சேரலாமா என்பதும் அவ்வாறே. இவை அந்நூலில் இல்லை. கருத்து வெளியிலிருந்து வந்தது. அதன் உள்ளடக்கத்தை இங்கிருந்தே நிரப்பவேண்டியுள்ளது.

இவ்வாறு நிரப்பும் முயற்சிகள் நடைபெற்றே உள்ளன. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூல் போரின் உளத்தாக்கத்தை விரிவாக ஆராய்ந்தது. தனிமனிதரை நோக்கி வகுக்கப்பட்ட மனவடு நோய்க் கருத்து, குடும்பமும் அயலும் ஊரும் ஒருங்கே சிதைந்த நிலையை விளக்கப் போதாது என்பதை, கூட்டு மனவடு பற்றிய தமது 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார். அகதிகளின் உளநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்ட கைந்நூல் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டுத் தொண்டர் பயிற்சிக்குப் பயன்பட்டது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இத்தகைய அறிவும் அனுபவமும் சந்திக்கும் களங்களுள் ஒன்றாகும். பிறநாட்டில் ஆய்வுப்பொருள் தேடும் மாணவர் இக்களத்தை அறியாது செல்வாராயின் அது வருந்தத்தக்கது.

5. அயல் வகுப்பறையில்

பிறநாட்டு வகுப்பறையில் ஆசிய மாணவர்மீது சுமத்தப்படும் பழிகளுள் முதன்மையானது ‘மனனம் செய்வோர்’ என்பது. சுவீடனில் மார்ட்டன், செல்யோ என்போர் 1976இல் கற்றலை ஆழ்ந்த அணுகுமுறை, மேலோட்டமான அணுகுமுறை என வகுத்தபின், மனனம் மேலோட்டமானது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் சீன மாணவரை ஆராய்ந்த வொட்கின்ஸ், பிக்ஸ் என்போர் தொகுத்து 1996இல் வெளியிட்ட நூல், திரும்பத் திரும்பக் கற்றல் புரிதலுக்கு வழியாகவும் அமையும் எனக் காட்டியது.

நன்னூற் பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்தும் முறை இங்கு நினைக்கத்தக்கது. கேட்டதை அவ்வாறே திருப்பிக் கூறும் கிளியை அது தலைமாணாக்கருக்கு உவமையாக்கவில்லை, இடைமாணாக்கருக்கே உவமையாக்கியது. தலைமாணாக்கருக்கு உவமை அன்னமும் பசுவும். பசு வயிறார மேய்ந்தபின் ஓரிடத்திலிருந்து அசைபோடும். அதாவது, மனனம் மேய்தலே, அசைபோடுதலே கற்றல். மேனாட்டார் இன்று கண்டதை எம்முன்னோர் அன்றே கண்டனர் என முழங்குவது எமது நோக்கமன்று. நன்னூல் ஆய்வுத் தரவு தருவதன்று. ஆயினும் தான் வந்த மரபில் மனனத்தையும் புரிதலையும் வேறுபடுத்தும் நோக்கு இருந்தது என அறிந்த மாணவர், தாழ்வுணர்ச்சியின்றி அவ்விவாதத்திற் பங்குகொள்ள முடியும். அதேவேளை பரீட்சையையே குறியாகக் கொண்ட எமது ரியூட்டரிக் கல்வி பெரும்பாலும் கிளிகளையே வளர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் வேண்டும்.

தனிமையும் ஊர்நினைவும் பற்றியும் ஒரு சொல். நோர்வே ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று மீண்ட புலமைப்பரிசிலாளரை ஆராய்ந்து, தொடக்கத்தில் மகிழ்வும் இடையில் வீழ்ச்சியும் பின்னர் மீட்சியும் உண்டென 1955இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் எல்லோரும் இவ்வளைகோட்டில் நடப்பதில்லை எனக் காட்டின. வீழ்ச்சி நேரும்போது அதனைத் தம் தகுதியின்மையாகக் கொள்ளாது உதவி நாடுதல் உளவியல் மாணவர்க்கும் பொருந்தும்.

6. பட்டமும் தொழிலும் பணமும்

நடைமுறையில் மாணவர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. உளவியற் பட்டம் வேறு, உளவியலாளராகத் தொழில்புரியும் உரிமை வேறு. பிரித்தானியாவில் 2009 முதல் சிகிச்சை உளவியலாளர், கல்வி உளவியலாளர் முதலிய பெயர்கள் சட்டத்தாற் காக்கப்பட்டுள்ளன. பதிவுபெற்றோரே அவற்றைப் பயன்படுத்தலாம். அவுஸ்திரேலியாவில் 2010 முதல் நாடளாவிய பதிவுமுறை உண்டு; அங்கீகரிக்கப்பட்ட பாடநெறித் தொடரையும் மேற்பார்வையுடனான பயிற்சியையும் முடித்தல் வேண்டும். கல்வியியலிலும் முதுமாணிப் பட்டம் ஒன்றே ஆசிரியத் தொழிலுக்கு உரிமை தந்துவிடாது. ஆகவே பாடநெறியைத் தெரிவுசெய்யுமுன் அது எங்கு, எதற்கு ஏற்கப்படும் என்பதை எழுத்திற் கேட்டறிதல் இன்றியமையாதது. நேரடிப் பயிற்சி உண்டா, ஆய்வைத் தமிழ்பேசும் மக்களிடையே நடத்த இடமளிப்பார்களா என்பனவும் கேட்கத்தக்க வினாக்கள்.

பணமே இறுதித் தடையாக நிற்கின்றது. நன்னூல் பாடஞ்சொல்லத் தக்கோரை அடுக்கும்போது, தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன் என்போருடன் பொருளை மிகக் கொடுப்பவனையும் சேர்த்தது. இன்றைய மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நிதிநிலை இவ்வொரு வகையினரையே பெரிதும் நம்பியுள்ளது. உள்நாட்டு மாணவரிலும் பன்மடங்கு கட்டணம் வெளிநாட்டவரிடம் பெறப்படுகின்றது. இலவசக் கல்வியில் வளர்ந்த எமது மாணவரின் குடும்பம் காணியை ஈடுவைத்தோ, புலம்பெயர்ந்த உறவினரிடம் கடன்பட்டோ இதனைச் செலுத்துகின்றது. கடன்பட்டவர் மீள்வது கடினம். ஆகவே ‘ஏன் திரும்பி வரவில்லை’ எனத் தனிமனிதரை வினவுமுன், புலமைப்பரிசில்களும் உள்நாட்டிற் பதவிகளும் ஏன் இல்லை என்பதை வினவவேண்டும். புலம்பெயர் அமைப்புகள் ஆண்டுதோறும் ஒரு சிலருக்கேனும், மீண்டுவந்து வடக்கு, கிழக்கு, மலையகப் பாடசாலைகளிற் பணிபுரியும் உடன்பாட்டுடன் உதவுமாயின் பெரும்பயன் விளையும்.

மீள இயலாதோரும் கடமையிலிருந்து நீங்கியவராகார். கற்றலின் பங்குகளைப் பற்றி நன்னூல் கூறும் கணக்கொன்று உண்டு. ஆசிரியரிடம் கேட்டறிதலால் வருவது காற்பங்கு. உடன்கற்போருடன் பழகுதலால் வருவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். பிறநாட்டுப் பல்கலைக்கழகம் முதலிரு காற்பங்குகளையே தரவல்லது. எஞ்சிய அரைப்பங்கு, தெல்லிப்பழையில் ஒரு தாய் ‘நெஞ்சு பாரமாயிருக்கு’ எனக் கூறும்போது, அவளுக்கு விளங்கும் தமிழில் விடை கூறுவதிலேயே தங்கியுள்ளது.